மூன்று இடங்களில் அடக்கமான ஒருவர்: ஒரு கவுண்டியின் கல்லறைப் பட்டியல் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றின் வடகரையில், சின்சினாட்டி நகரத்தைச் சுற்றி அமைந்திருப்பது ஹாமில்டன் கவுண்டி. நம் ஊர்க் கணக்கில் ஒரு மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். 1790இல் உருவானது. அமெரிக்க அரசியல் வரலாற்றில் இந்தச் சிறு நிலப்பரப்புக்குப் பெரிய இடம் உண்டு. பெஞ்சமின் ஹாரிசன், வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட் என்ற இரண்டு அதிபர்கள் இங்கே பிறந்தவர்கள். வில்லியம் ஹென்றி ஹாரிசன் என்ற அதிபர் இங்கே அடக்கமாகியிருக்கிறார். ஆளுநர்கள், செனட்டர்கள், காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர்கள், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் என்று இந்தக் கவுண்டியின் கல்லறைத் தோட்டங்களில் கிடப்பவர்கள் ஏராளம்.

இவர்களின் கல்லறைகளைப் பட்டியலிட்டு, பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று உள்ளூர் வரலாற்றைச் சொல்லலாம் என்று மூன்று பேர் சேர்ந்தோம். ஒருவர் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. இன்னொருவர் நூலகர். மூன்றாவது ஆள் நான். அட்டவணை போடுவதும் திருத்துவதும் என் வேலை. யாருக்கும் சம்பளம் இல்லை. அந்தப் பட்டியலில் நேர்ந்த ஒரு பிழை, அது வெளிப்பட்ட விதம், அதன் பிறகு எடுத்த முடிவுகள் ஆகியவற்றைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். கல்லறைகள் எல்லா ஊரிலும் இடம்பெயர்கின்றன.

முதல் பட்டியல்

பெயர், வகித்த பதவி, பிறப்பு இறப்பு ஆண்டுகள், அடக்கமான இடம் என்று எக்செல் தாளில் நான்கு பத்திகள் போட்டேன். அப்போது அது போதும் என்றுதான் தோன்றியது.

பெரும்பாலான பெயர்கள் ஸ்பிரிங் குரோவ் என்ற ஒரே கல்லறைத் தோட்டத்தில் வந்து விழுந்தன. சின்சினாட்டியில் காலரா சாவுகள் பெருகி, நகருக்குள் இருந்த சிறு இடுகாடுகள் நிரம்பி வழிந்த காலத்தில், ஊருக்கு வெளியே பெரிதாக ஒரு கல்லறைத் தோட்டம் வேண்டும் என்று தொடங்கப்பட்டது அது. 1845 செப்டம்பர் 1 அன்று அங்கே முதல் அடக்கம் நடந்தது. இன்று அதன் பரப்பு 733 ஏக்கர். ஏரிகளும் பெருமரங்களும் உள்ள அந்த இடத்துக்கு முதன்முறை போகிறவர்களுக்குப் பூங்காவுக்குள் வந்துவிட்ட நினைப்புத்தான் வரும்.

அங்கே இருப்பவர்களில் சிலரை மட்டும் சொல்கிறேன். சால்மன் சேஸ்: ஒஹாயோ ஆளுநர், லிங்கனின் நிதியமைச்சர், பிறகு நாட்டின் தலைமை நீதிபதி. ஜார்ஜ் பெண்டில்டன்: அரசு வேலைகளைக் கட்சிக்காரர்களுக்குப் பங்கு போடும் வழக்கத்தை உடைத்து, தேர்வு வைத்து ஆளெடுக்க வழிசெய்த 1883ஆம் ஆண்டுச் சட்டம் இவர் பெயரில்தான் வழங்குகிறது. ஜோசப் ஃபோரேக்கர்: ஆளுநர், பின்பு செனட்டர். நிக்கோலஸ் லாங்வொர்த்: 1925 முதல் 1931 வரை பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர். அல்போன்சோ டாஃப்ட்: போர்த்துறை அமைச்சர், அட்டர்னி ஜெனரல், அதிபர் டாஃப்டின் தந்தை.

அந்த ஒரு குடும்பமே எங்களுக்குத் தலைவலியாக இருந்தது. தந்தை அல்போன்சோ ஸ்பிரிங் குரோவில். மகனான அதிபர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட், வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் உள்ள ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில். அங்கே அடக்கமான முதல் அதிபர் அவர். பேரனான செனட்டர் ராபர்ட் டாஃப்ட், கவுண்டியின் கிழக்கே இந்தியன் ஹில்லில் உள்ள ஒரு தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில். சின்சினாட்டியின் பெருமை என்றதும் பிள்ளைகள் முதலில் கேட்பது அதிபர் டாஃப்டின் கல்லறையைத்தான். அவர் பெயர் பட்டியலில் வர முடியாது.

கவுண்டியின் மேற்கு ஓரத்தில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் இருப்பது நார்த் பெண்ட் என்ற சிற்றூர். அங்கே குன்றின்மேல் சுண்ணாம்புக்கல் நெடுந்தூண் ஒன்று எழும்பி நிற்கிறது. 60 அடி உயரம். அதன் கீழேதான் வில்லியம் ஹென்றி ஹாரிசனின் கல்லறை. பதவியேற்ற ஒரே மாதத்தில், 1841 ஏப்ரல் 4 அன்று, பதவியிலேயே இறந்த முதல் அதிபர். சாலைக்கு எதிர்ப்புறம் காங்கிரஸ் கிரீன் என்ற பழைய கல்லறைத் தோட்டம். அதிபரின் மாமனார் ஜான் கிளீவ்ஸ் சிம்ஸ் அங்கே இருக்கிறார். அமெரிக்கா உருவான காலத்துப் பேரவையான ‘கண்ட காங்கிரஸில்’ நியூ ஜெர்சியின் பிரதிநிதியாக இருந்துவிட்டு, இரு மயாமி ஆறுகளுக்கு இடைப்பட்ட பெருநிலத்தை வாங்கி விற்றவர்.

அதே காங்கிரஸ் கிரீனில் நான் இன்னொரு பெயரையும் உட்கார்த்தினேன்: ஜான் ஸ்காட் ஹாரிசன். 1853 முதல் 1857 வரை காங்கிரஸ் உறுப்பினர். அமெரிக்க வரலாற்றில் ஓர் அதிபரின் மகனாகவும் இன்னோர் அதிபரின் தந்தையாகவும் இருந்தவர் இவர் ஒருவர்தான். 1878 மே 25 அன்று இறந்தார். மே 29ஆம் தேதி இறுதிச்சடங்கு பற்றிய செய்திக் குறிப்பை நூலகர் எடுத்துக் கொடுத்தார். காங்கிரஸ் கிரீனில் அடக்கம் என்று அதில் தெளிவாக இருந்தது. இறந்த வாரத்திலேயே வந்த செய்தியைவிட நல்ல ஆதாரம் கிடைக்குமா? சரிபார்த்தாகிவிட்டது என்று அந்த வரிக்குப் பச்சை நிறம் பூசினேன்.

பிழை வெளிப்பட்ட நாள்

ஒரு வசந்த காலக் காலையில், ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு நார்த் பெண்டுக்குப் போனோம். முதலில் காங்கிரஸ் கிரீன். சிம்ஸின் கல்லைச் சுற்றிப் பிள்ளைகள் குனிந்து நின்று, மழுங்கிய எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படித்தார்கள். பிறகு ஆசிரியை ஜான் ஸ்காட் ஹாரிசனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். தந்தையும் மகனும் அதிபர்கள், நடுவில் இருந்தவர் விவசாயி, கடன் தொல்லையில் வாழ்ந்தவர், இதோ இந்த மண்ணில்தான் இருக்கிறார் என்றார்.

நாயோடு நடக்க வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியை முடிக்கும்வரை காத்திருந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மரியாதையாகவே சொன்னார்: "அம்மா, அவர் இங்கே இல்லை. எதிரே, அவர் அப்பாவோடு இருக்கிறார். அவரை இங்கே ஒரு ராத்திரிகூட விட்டுவைக்கவில்லை."

ஒரு பையன் உடனே கேட்டான்: "யார் விட்டுவைக்கவில்லை?"

ஆசிரியை என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த தாளில் பச்சை வரி இருந்தது, பதில் இல்லை. பார்த்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை எதிர்க்குன்றுக்கு அழைத்துப் போனோம். திரும்பி வரும்போது பேருந்தில் நாங்கள் மூவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

1878 மே மாதத்தில் நடந்தது

அந்த வாரம் முழுவதும் நூலகரும் நானும் இதே வேலையாக இருந்தோம். ஜான் ஸ்காட் ஹாரிசனின் உடலுக்கு நேர்ந்தது அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பெரிய செய்தி. எங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், இறுதிச்சடங்குச் செய்தியைப் படித்தவுடன் நாங்கள் அடுத்த நாள் பத்திரிகையைப் புரட்டாமல் விட்டதுதான்.

மே 29 அன்று காங்கிரஸ் கிரீனில் அடக்கத்துக்காகக் கூடியவர்கள், சில நாட்களுக்கு முன் அங்கே புதைக்கப்பட்ட ஓர் இளைஞரின் குழி கலைந்திருப்பதைக் கண்டார்கள். பார்த்தால் உடல் இல்லை. மருத்துவக் கல்லூரிகளில் உடற்கூறு கற்பிக்கப் பிணங்கள் தேவைப்பட்டன. சட்டப்படி கிடைத்தவை போதவில்லை. இரவில் குழி தோண்டி உடலை எடுத்து விற்பதைத் தொழிலாகவே வைத்திருந்தார்கள் சிலர்.

ஹாரிசன் குடும்பம் அஞ்சியது. தந்தையின் குழியை ஆழப்படுத்தி, செங்கல் சுவர் எழுப்பி, சவப்பெட்டிமேல் பெரும் கற்பலகைகளை வைத்துச் சிமெண்டு பூசினார்கள். இரவுக்காவலுக்கு ஆளும் வைத்தார்கள். மகன்களில் ஒருவரான பெஞ்சமின் ஹாரிசன், பத்து ஆண்டுகள் கழித்து அதிபர் தேர்தலில் வென்றவர், அடக்கம் முடிந்ததும் இண்டியானாபொலிஸுக்கு ரயிலேறிவிட்டார்.

மறுநாள் காலையில் இன்னொரு மகனும் ஓர் உறவினரும், திருடுபோன அந்த இளைஞரின் உடலைத் தேடி, தேடுதல் வாரண்டோடும் காவலர்களோடும் சின்சினாட்டியில் இருந்த ஒஹாயோ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். கட்டடம் முழுக்கத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. கிளம்பும் நேரத்தில் ஒரு காவலரின் கண்ணில் அது பட்டது: மாடிகளுக்கிடையே ஓடும் ஒரு குழாய்க்கூண்டில் கயிறு ஒன்று விறைப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சுமை இல்லாத கயிறு அப்படி விறைக்காது. ராட்டினத்தைச் சுற்றி மேலே இழுத்தார்கள். தலையும் தோளும் துணியால் மூடிய ஓர் ஆணின் உடல் வந்தது.

வயதானவர் உடல். அவர்கள் தேடி வந்ததோ நோயில் மெலிந்த இளைஞரின் உடலை. இவர் இல்லை, விடுங்கள் என்று மகன் திரும்பினார். எதற்கும் முகத்தைப் பார்த்துவிடுங்கள் என்றார் காவலர். துணி விலகியது. அடக்கம் செய்து இருபத்து நான்கு மணி நேரம்கூட ஆகாத தன் தந்தையின் முகத்தைத்தான் மகன் பார்த்தார்.

காங்கிரஸ் கிரீனில் போய்ப் பார்த்தபோது, கால்மாட்டுப் பக்கமிருந்த சிறிய கற்களை நகர்த்தி, அந்த வழியாக உடலை இழுத்திருந்தது தெரிந்தது. தலைமாட்டில் பெரிய கல் அசையாமல் கிடந்தது. அடக்கத்தின்போது யாரோ நின்று கவனித்திருக்க வேண்டும் என்பதை அதைப் படிக்கும்போதே உணர முடிகிறது. காணாமல்போன இளைஞரின் உடல் பின்னர் மிச்சிகனில் ஆன் ஆர்பர் மருத்துவக் கல்லூரியில் கண்டுபிடிக்கப்பட்டது.

மீட்கப்பட்ட ஜான் ஸ்காட் ஹாரிசனின் உடலைத் திரும்பவும் அதே குழியில் வைக்கக் குடும்பத்துக்கு மனம் வரவில்லை. ஸ்பிரிங் குரோவில் நண்பர் ஒருவரின் குடும்ப நிலவறையில் தற்காலிகமாக வைத்தார்கள். இறுதியில் நார்த் பெண்டில், தந்தையின் கல்லறையிலேயே சேர்த்தார்கள். காங்கிரஸ் கிரீன், ஸ்பிரிங் குரோவ், ஹாரிசன் கல்லறை என்று மூன்றும் ஒரே கவுண்டிக்குள். மூன்றில் எதை எழுதினாலும் அதற்கு ஆதாரமாகக் காட்ட ஒரு காகிதம் கிடைக்கும்.

எங்கே தவறினோம்

நாங்கள் நம்பிய செய்தி பொய் இல்லை. அச்சான நேரத்தில் அது உண்மை. ஒரு நாளுக்குள் அந்த உண்மை காலாவதியாகிவிட்டது. ஆதாரம் எவ்வளவு பழையதோ அவ்வளவு நம்பகமானது என்ற எண்ணம் என்னிடம் இருந்தது. இறந்த தேதிக்கு அது பொருந்தும். இறந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதற்குப் பொருந்தாது. அதற்குக் கடைசியாக எழுதப்பட்ட நம்பகமான குறிப்புத்தான் வேண்டும். இரண்டு கேள்விகளையும் ஒரே பத்தியில் அடைத்தது என் பிழை.

இதை உணர்ந்ததும் முழுப் பட்டியலையும் முதல் வரியிலிருந்து பார்த்தோம். கிடைத்தவை எங்களைச் சற்று அதிர வைத்தன.

சால்மன் சேஸ் 1873இல் நியூயார்க்கில் இறந்தார். முதலில் அடக்கமானது வாஷிங்டன் ஓக் ஹில் கல்லறைத் தோட்டத்தில். 1886இல்தான் ஸ்பிரிங் குரோவுக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் பட்டியலில் இடம் சரி, ஆனால் இறந்த ஆண்டே அடக்கமான ஆண்டு என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தோம். அதிபர் வில்லியம் ஹென்றி ஹாரிசனும் அப்படித்தான். முதலில் வாஷிங்டனில் காங்கிரஸ் கல்லறைத் தோட்டத்தின் பொது நிலவறையில் வைக்கப்பட்டு, 1841 கோடையில் நார்த் பெண்டுக்கு வந்தவர். காங்கிரஸ் உறுப்பினர் ராபர்ட் டாட் லிட்டில் 1839இல் நியூ ஆர்லியன்ஸில் இறந்தார். பட்டியலில் ஸ்பிரிங் குரோவ் என்று இருந்தது. ஸ்பிரிங் குரோவில் முதல் அடக்கமே 1845இல்தான். இறந்து ஆறு ஆண்டுகள் கழித்துத் திறந்த தோட்டத்தில் ஒருவர் இருக்கிறார் என்றால், இடையில் எங்கோ இருந்து தோண்டி எடுத்து வந்திருக்க வேண்டும். இதை நான் அட்டவணையிலேயே கண்டுபிடித்திருக்கலாம். இறந்த ஆண்டையும் கல்லறைத் தோட்டம் திறந்த ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தால் போதும்.

சின்சினாட்டியில் இந்த இடமாற்றம் அபூர்வமானதில்லை. நகரின் நடுவில் இன்று பிள்ளைகள் விளையாடும் வாஷிங்டன் பார்க், ஒரு காலத்தில் தேவாலய இடுகாடு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கிருந்தவர்களைப் பெரும்பாலும் ஸ்பிரிங் குரோவுக்கு மாற்றினார்கள். எல்லோரையும் மாற்றவில்லை என்பது, அண்மைக் காலத்தில் பூங்காவைப் புதுப்பிக்கத் தோண்டியபோது தெரிந்தது.

இன்னொரு வகைப் பிழை பெயர்க் குழப்பம். பெல்லமி ஸ்டோரர் என்ற பெயரில் தந்தை, மகன் இருவருமே சின்சினாட்டியிலிருந்து காங்கிரஸுக்குப் போனவர்கள். 1875இல் இறந்த தந்தை ஸ்பிரிங் குரோவில் இருக்கிறார். 1922இல் பாரிஸில் இறந்த மகன் பிரான்சிலேயே அடக்கமானார். நான் மகனின் பதவிகளைத் தந்தையின் கல்லறைமேல் ஏற்றியிருந்தேன். லாங்வொர்த் குடும்பத்தில் நிக்கோலஸ் என்ற பெயர் இன்னும் அதிகம்: திராட்சைத் தோட்டம் போட்டு ஒயின் காய்ச்சிய கொள்ளுத் தாத்தா, ஒஹாயோ உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த தந்தை, சபாநாயகரான மகன். மூவரும் ஒரே தோட்டத்தில். இந்த இடத்தில் மட்டும் தற்செயலாகத் தப்பித்திருந்தோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில், ஏற்கெனவே தாள் வாங்கிப்போன பள்ளிக்கு ஆசிரியை கடிதம் எழுதினார். எந்த வரி பிழை, யாரால், எப்படித் தெரியவந்தது என்று மூன்று பத்திகளில். சத்தமில்லாமல் திருத்தி அனுப்பிவிடலாமே என்று நான் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. பிள்ளைகள் முன்னால் தவறாகச் சொன்னதை அவர்கள் முன்னாலேயே திருத்த வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி. இன்று எனக்கு அதில் ஐயமில்லை.

அட்டவணையில் ‘அடக்கமான இடம்’ என்ற பத்தியை எடுத்துவிட்டோம். முதல் அடக்கம், அடுத்தடுத்த மாற்றங்கள் தேதியோடு, இப்போதைய இடம், இப்போதைய இடத்தை உறுதிசெய்த கடைசி ஆதாரத்தின் தேதி என்று பிரித்தோம். கல்லறைத் தோட்டம் திறந்த ஆண்டுக்கும் ஒரு பத்தி. இறப்பு ஆண்டு அதற்கு முந்தியிருந்தால் அந்த வரி தானாகச் சிவப்பாகும்.

பச்சை நிறத்தை ஒழித்தோம். சரிபார்த்தாகிவிட்டது என்ற ஒற்றைச் சொல் எங்களைத் தூங்கவைத்திருந்தது. கல்லை நேரில் பார்த்தோமா, கல்லறை அலுவலகப் பதிவேட்டைப் பார்த்தோமா, செய்தித்தாளை மட்டும் பார்த்தோமா என்பதை அப்படியே எழுதுவது என்று முடிவு.

கல்லை நேரில் பார்த்தாலும் கல் சொல்வதையெல்லாம் நம்பக்கூடாது என்பதற்கு சிம்ஸின் கல்லே எங்களுக்குப் பாடம். இரு மயாமி ஆறுகளுக்கு நடுவே முதல் குடியேற்றத்தை அமைத்தவர் என்று அதில் செதுக்கியிருக்கிறது. ஆனால் கொலம்பியா என்ற குடியேற்றம் 1788 நவம்பரிலும், சின்சினாட்டியாக வளர்ந்த குடியேற்றம் அதே ஆண்டு டிசம்பரிலும் தொடங்கிவிட்டன. சிம்ஸ் நார்த் பெண்டில் வந்து இறங்கியது 1789இல். கல்லில் இருப்பது ஒரு குடும்பத்தின் பெருமிதம். அதைப் பிள்ளைகளிடம் அவ்வாறே சொல்கிறோம்.

யாரை அரசியல்வாதி என்பது என்பதில் நூலகருக்கும் எனக்கும் இழுபறி இருந்தது. நீதிபதிகளை விடலாம் என்றேன். ஜான் மெக்லீன் உச்ச நீதிமன்ற நீதிபதிதான், ஆனால் அதற்கு முன் காங்கிரஸ் உறுப்பினர், அஞ்சல்துறைத் தலைவர். அவரை எப்படி விடுவீர்கள் என்று அவர் கேட்டார். தேர்தலில் வென்றோ நியமனம் பெற்றோ ஆட்சிப் பொறுப்பு வகித்தவர் எல்லோரும் உள்ளே, செல்வாக்கு மட்டும் இருந்தவர்கள் வெளியே என்று முடித்தோம். ஒயின் காய்ச்சிய லாங்வொர்த் இதனால் வெளியேறினார். எல்லை விஷயத்தில் இன்றைய கவுண்டி எல்லைதான் கணக்கு. 1790இல் இருந்த ஹாமில்டன் கவுண்டி இதைவிடப் பல மடங்கு பெரியது.

எனக்கு மிகவும் முக்கியமாகப்படும் முடிவு கடைசியாக வந்தது. இந்தக் கவுண்டியின் சார்பில் பதவி வகித்து, வேறெங்கோ அடக்கமானவர்களுக்குத் தனிப் பட்டியல். அதிபர் டாஃப்டுக்காகத் தொடங்கினோம். ஆனால் அதன் தேவையை உணர்த்தியவர் ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ். ஒஹாயோ சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர். 1879இல் ஹாமில்டன் கவுண்டியிலிருந்து வென்றவர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை விரிவாக எழுதியவர். பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டின் ஆட்சியில் காங்கோ மக்கள் படும் கொடுமையை நேரில் கண்டு, அரசருக்கே பகிரங்கக் கடிதம் எழுதியவர். 1891இல் இங்கிலாந்தில் பிளாக்பூல் நகரில் இறந்து, அங்கேயே அடக்கமானார். கல்லறையை மட்டும் அளவுகோலாக வைத்தால் எங்கள் பட்டியலில் இந்த மனிதர் இல்லை. இவர் இல்லாத ஹாமில்டன் கவுண்டி அரசியல் வரலாற்றை ஒரு வகுப்பின் கையில் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை என்று சொன்னேன். மற்ற இருவரும் யோசிக்காமலே ஒப்புக்கொண்டார்கள்.

பிள்ளைகளிடம் எதைச் சொல்வது

"யார் விட்டுவைக்கவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் பாக்கி இருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பிணத்திருட்டைச் சொல்லலாமா என்று நாங்கள் பலமுறை கூடிப் பேசினோம். வேண்டாம் என்றார் நூலகர்: பேய்க்கதையாக எடுத்துக்கொள்வார்கள், கல்லறையின் மரியாதை போய்விடும். அண்மையில் வீட்டில் யாரையாவது இழந்த பிள்ளை அந்தக் கூட்டத்தில் இருக்கலாம் என்பதையும் அவர்தான் நினைவூட்டினார்.

ஆசிரியையின் வாதம் வேறு. அந்தக் காலத்தில் திருடப்பட்ட உடல்களில் பெரும்பாலானவை ஏழைகளுடையவை, கறுப்பின மக்களுடையவை, உரிமைகோர ஆளில்லாதவர்களுடையவை. அவர்களுக்காக எந்த வாரண்டும் வரவில்லை. ஓர் அதிபரின் மகனுடைய உடல் கயிற்றில் தொங்கிய பிறகுதான் நாடு கொதித்தது. அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் ஒஹாயோ உட்படப் பல மாநிலங்கள் உடற்கூறுச் சட்டங்களைத் திருத்தின. இதைச் சொல்லாமல் அந்தக் கல்லறை முன்னால் நிற்பதில் பொருளில்லை என்றார் அவர். திருத்திய சட்டங்களிலும், பிணவறைகளிலும் ஏழைகள் விடுதிகளிலும் கேட்பாரற்றுக் கிடந்த உடல்களைத்தான் கல்லூரிகளுக்கு ஒதுக்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும் என்றார். ஏழையின் உடல் களவுபோவது குறைந்து, சட்டப்படியே போகத் தொடங்கியது.

சொல்வதென்று முடிவானது. ஆனால் கல்லறைக்கு எதிரில் வேண்டாம், முந்தின நாள் வகுப்பறையில். கயிறு, துணி போன்ற விவரங்கள் இல்லாமல். பெற்றோருக்கு ஒரு வரி முன்னறிவிப்போடு. சங்கடப்படும் பிள்ளை வெளியே போய்க்கொள்ளலாம்.

அதன் பிறகு

இலையுதிர் காலத்தில் அதே பள்ளிப் பிள்ளைகளோடு மறுபடி நார்த் பெண்ட் போனோம். இம்முறை காங்கிரஸ் கிரீனிலிருந்து தொடங்கி, சாலையைக் கடந்து, ஹாரிசன் கல்லறைக்கு ஏறினோம். உடல் போன பாதையின் முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் பிள்ளைகள் காலால் நடந்தார்கள். பிணத்திருட்டு பற்றி நூலகர் பயந்ததுபோல் யாரும் சிரிக்கவில்லை. ஒரு சிறுமி மட்டும், அந்த இன்னோர் இளைஞரைத் திரும்பக் கொண்டுவந்தார்களா என்று கேட்டாள். கொண்டுவந்தார்கள் என்று ஆசிரியை சொன்னார். நாயோடு வந்த பெரியவரை அன்று காணவில்லை. அவருக்கு நன்றி சொல்ல முடியாமல் போனது எனக்கு இன்றும் குறைதான்.

புதிய அட்டவணையில் சிவப்பு வரிகள் இன்னும் இருக்கின்றன. முதல் அடக்கம் எங்கே என்று தெரியாதவர்களின் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறோம், ஊகித்து எழுதுவதில்லை. ஒரு கல்லறை அலுவலகத்தில் எங்கள் கேள்விகளுக்குப் பல மாதங்கள் பதில் வரவில்லை. பிறகு அங்கே வேலைசெய்த ஒருவர் தன் மதிய உணவு நேரத்தில் பழைய பதிவேட்டைப் புரட்டி, உடல் எந்த நாளில் எங்கிருந்து வந்தது என்று குறித்திருந்த வரியைப் படித்துக் காட்டினார். கேள்வியைச் சரியாகக் கேட்டால் பதிவேட்டில் பதில் இருக்கிறது. இன்னார் அங்கே இருக்கிறாரா என்று கேட்டால் ஆம் என்ற பதிலோடு முடிந்துவிடும். எப்போது, எங்கிருந்து வந்தார் என்று கேட்க வேண்டும்.

மறுபடி தொடங்கினால்

பெரிய தோட்டத்தில் தொடங்க மாட்டேன். ஸ்பிரிங் குரோவில் பெயர்கள் வேகமாகச் சேர்ந்ததால் வேலை முன்னேறுவதாக நினைத்தோம். சிறிய, பழைய இடுகாடுகளில் தொடங்கியிருந்தால், இடமாற்றம் என்ற சிக்கல் முதல் வாரத்திலேயே கண்ணில் பட்டிருக்கும்.

ஒவ்வொருவருக்கும் இறுதிச்சடங்குச் செய்தியோடு நிறுத்தாமல், அதன் பிறகு வந்த ஒரு மாதப் பத்திரிகைகளையாவது பார்ப்பேன். ஜான் ஸ்காட் ஹாரிசன் விஷயத்தில் ஒரே ஒரு நாள் தாண்டியிருந்தால் போதும்.

உள்ளூர் மனிதர்களிடம் முதலில் கேட்பேன். நாங்கள் நூலகத்தில் தேடியதை அந்தப் பெரியவர் பரம்பரைக் கதையாக வைத்திருந்தார். அவர் சொன்னதையும் சரிபார்த்தோம்தான். ஆனால் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதே அவர் சொல்லித்தான் தெரிந்தது.

அடுத்த சுற்றுக்கு, சின்சினாட்டியின் மேற்கே பிரைஸ் ஹில்லில் 1864இல் கறுப்பினச் சபையினர் அமைத்த யூனியன் பாப்டிஸ்ட் கல்லறைத் தோட்டத்தை எடுத்திருக்கிறோம். அட்டவணையில் அதற்கான தாள் இப்போதைக்கு வெறுமையாக இருக்கிறது. சனிக்கிழமை காலை, பனி உருகியதும், மூவரும் குறிப்பேடும் மென்தூரிகையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.